மூன்று திரைக்கு ஒரு பெட்டி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, மயிலாப்பூரில் என் தமக்கை வீட்டுக் கூடத்தில் ஒரு மகாநாடு கூடியது. அடையும் அவியலும் ஆன பிறகு கூடிய மகாநாடாகையால், பிரதிநிதிகளில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். தலைமை வகித்தவர் என் தாயார். விவாதத்துக்கு எடுத்துக் கொண்ட விஷயம் இது: அக்கா இரண்டு வருஷமாகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம் ஒன்றரை லட்ச ரூபாயை என்ன செய்வது?

"வளையல்" என்றாள் அம்மா.

"சமையலறைக்கு அலமாரி" என்றார் அத்திம்பேர்.

"லாப்டாப்" என்றாள் அக்காவின் பெண்.

கூடத்தில் சிறிது நேரம் மின்விசிறியின் சப்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா, "ஏண்டி, லாப்டாப்புக்கு ஒன்றரை லட்சமா? உன் மாமாவுக்கு ஆபீஸில் நாற்பதாயிரத்துக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்களே, அதில்தானே பத்திரிகைக்கு எல்லாம் எழுதுகிறான்!" என்று கேட்டாள்.

"மாமா எழுதுகிறதற்கு நாற்பதாயிரமே ஜாஸ்தி, பாட்டி!" என்றது அந்தப் பெண்.

நான் அவளை மன்னித்துவிட்டேன். காரணம், அவள் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நேர்ந்த அவமானத்தை நேரில் பார்த்த சாட்சி நான்.

அவளுடைய தொழில் சகோதரிகளில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். நாட்டியக் கச்சேரி என்றால் ஆடுகிறவருக்குப் பின்னால் கறுப்பிலோ நீலத்திலோ ஒரு படுதா தொங்குவதுதானே வழக்கம்? இவள் அந்த இடத்தில் மூன்று வெள்ளைத் திரைகளைக் கட்டுகிறாள். ஒவ்வொரு திரைக்கும் ஒரு புரொஜெக்டர். மூன்றிலும் விழுகிற படங்கள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து ஒரே நீளப் படமாகத் தெரியும். இடது திரையில் புறப்படுகிற யமுனை நடுத் திரையில் வளைந்து வலது திரையில் போய் மறையும். ஆடுகிறவள் அதன் கரையில் நின்று குடத்தை இறக்குவாள். பார்க்க அபாரமாகத்தான் இருக்கும்.

"ஒரு சினிமாவாக எடுத்து வைத்துக் கொண்டு, கச்சேரி அன்று ஓடவிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே?" என்று நான் முதலில் அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஒரு பதத்துக்கு சஞ்சாரி செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள், மாமா. ஒத்திகையில் அந்த வரியை நாலு தடவை பாடினார்கள். மேடையில் அக்காவுக்கு மனசு லயித்துப் போய்விட்டால் எட்டுத் தடவை ஆகும். பாடுகிறவர் கூடவே போவார், மிருதங்கக்காரர் கூடவே போவார். சினிமா போகுமா?"

போகாது. ஆகவே அவள் மண்டபத்தின் பின் வரிசையில் லாப்டாப்பும் பொத்தான்கள் நிறைந்த ஒரு சின்னப் பலகையுமாக உட்கார்ந்து, மேடையைப் பார்த்துப் பார்த்து அந்த நிமிஷத்திலேயே படத்தை மாற்றுகிறாள், நிறுத்துகிறாள், மெதுவாக ஓட விடுகிறாள், ஒன்றின் மேல் ஒன்றைப் படர விடுகிறாள். அதுவும் ஒரு பக்கவாத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மார்கழியில் அவளுக்குச் சொந்த வாத்தியம் இல்லை. சிநேகிதி ஒருத்தியின் லாப்டாப்பை இரவல் வாங்கிப் போயிருந்தாள். முதல் அரை மணி எல்லாம் பிரமாதம். அப்புறம் ஓர் அன்னப் பட்சி மூன்று திரைகளிலும் சிறகை விரித்துப் பறந்தது பாருங்கள், இடது சிறகு அடித்து முடித்த பிறகு வலது சிறகு அடித்தது! சபையில் லேசாகச் சலசலப்பு. சற்றைக்கெல்லாம் படங்கள் நொண்ட ஆரம்பித்தன. நடுத் திரை ஒரேயடியாக இருண்டு, இருபது விநாடி கழித்து மீண்டும் வெளிச்சம் வந்தது. வந்ததே, அதன் மூலையில் ஒரு கட்டத்துக்குள் இப்படி எழுதியிருந்தது: 'வரும்போது தயிர் வாங்கி வா.' சிநேகிதியின் தாயார் அனுப்பிய செய்தி! மேடையில் அப்போது கண்ணன் உறியில் கை வைத்துக் கொண்டிருந்தான். மண்டபம் முழுவதும் சிரித்தது.

அந்தப் பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாட்டிய ஆசிரியை நல்லவர்தான், கோபித்துக் கொள்ளவில்லை. "அடுத்த கச்சேரிக்கு இன்னொரு தடவை பார்க்கலாம். சரிப்படாவிட்டால் பழைய படுதாவே இருக்கட்டும், என்ன?" என்று மட்டும் சொன்னார். அந்த அடுத்த கச்சேரிக்கு மகாநாடு கூடிய தினத்தில் சரியாக ஆறு வாரம் இருந்தது.

அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் சீட்டுப் பணத்துக்கான பாங்குப் புத்தகத்தை எடுத்து வந்து பெண்ணின் மடியில் போட்டாள். மகாநாடு கலைந்தது.

மறுநாள் அக்கா, பெண், நான் மூவரும் கடைக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் நான் என் படிப்பைக் காட்டிக் கொண்டேன். மூன்று புரொஜெக்டர் வைத்துப் படம் காட்டும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1927 ஏப்ரலில் பாரிஸ் ஆப்பெரா மண்டபத்தில் ஆபெல் கான்ஸ் என்ற பிரெஞ்சு டைரக்டர் தம்முடைய 'நெப்போலியன்' படத்தின் சில பகுதிகளை மூன்று திரைகளில் பக்கம் பக்கமாக ஓட்டிக் காட்டினார். 1952 செப்டம்பரில் நியூயார்க்கில் 'சினிரமா' வந்தது. அதற்கும் மூன்று புரொஜெக்டர்கள்தாம். வளைந்த பெரிய திரைக்கு எதிரே ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் தனித் தனி அறை, தனித் தனி ஆள். ஒரு சுருளில் படம் அறுந்து நாலு கட்டம் வீணாகிவிட்டால், அந்த இடத்தில் நாலு கறுப்புக் கட்டத்தை ஒட்டிச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் மற்ற இரண்டோடும் கணக்குத் தப்பிப் போகும். படங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் கோடு தெரியாமல் இருக்க, புரொஜெக்டருக்குள்ளே சீப்புப் பல் போன்ற தகடு ஒன்று மேலும் கீழுமாக அதிவேகமாக ஆடிக் கொண்டிருக்கும். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த ஆல்ஃபிரெட் ராடோக், ஜோஸெப் ஸ்வோபோடா குழுவினர் 'லாடர்னா மாகிகா' என்ற பெயரில் மேடையில் ஆடுகிறவர்களையும் திரையில் ஓடும் படத்தையும் ஒன்றாகக் கோத்துக் காட்டினார்கள். அதுதான் நம் வீட்டுப் பெண்ணின் வித்தைக்கு நேர் பாட்டி.

"அந்தச் சீப்புக்குப் பதில் இப்போது கணக்குப் போட்டுச் செய்கிறோம், மாமா" என்றாள் அவள். "இரண்டு படங்களும் விளிம்பில் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி வைத்து, அந்த விளிம்பில் மட்டும் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுவோம். ஆனால் சினிரமாவுக்கு மூன்று அறை, மூன்று ஆள். எனக்கு ஒரே பெட்டி. அதனால்தான் பெட்டியைப் பார்த்து வாங்கணும்."

கடை அண்ணா சாலைப் பக்கத்தில் இருந்தது. கீழே டெலிவிஷன், மாடியில் லாப்டாப். விற்பனை செய்கிற பையன் எங்களைப் பார்த்ததும் வெள்ளித் தகடு போன்ற ஒரு மெல்லிய பெட்டியை எடுத்து வைத்தான். அதைக் கையில் வாங்கிய அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பட்டுப் புடவையை மடித்து வைத்த மாதிரி அவ்வளவு லேசு!

"அண்ணா, இதில் எத்தனை திரைக்குத் தனித் தனிப் படம் போகும்?" என்று பெண் கேட்டாள்.

"ஹப் ஒன்று வாங்கிச் செருகினால் எத்தனை வேண்டுமானாலும் போகும்" என்றான் பையன்.

இந்தப் பதிலை உங்கள் வீட்டுக் குழந்தைகளும் எங்காவது கேட்கக் கூடும். ஆகவே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவோம். லாப்டாப்பிலிருந்து மூன்று கம்பி வெளியே வருவது பெரிய காரியமல்ல. மூன்றிலும் ஒரே படம் வந்தால் அது நம் பெண்ணுக்கு உதவாது. வேறு வேறு படம் வர வேண்டும். ஹப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பெட்டியிலிருந்து வரும் பட வழியையே பங்கு பிரித்துக் கொடுப்பது. விண்டோஸ் பெட்டியில் அது தனித் தனிப் படத்தைத் தரும். ஆப்பிள் பெட்டியில் அதே படத்தைத்தான் திருப்பித் திருப்பித் தரும். இரண்டாவது ஜாதி, லாப்டாப்பின் மூளையைக் கொண்டே படத்தை அமுக்கிச் சுருக்கி, சாதாரண யு.எஸ்.பி. வழியாக அனுப்பி, மறு கோடியில் விரிப்பது. ஆபீஸ் மேஜையில் கணக்குப் புத்தகம் பார்க்க அது போதும். ஓடுகிற படத்துக்கு அது ஆகாது. தாமதம் உண்டு, தடுக்கலும் உண்டு. அந்த அன்னப் பட்சியின் ஒரு சிறகு பின்தங்கியதே, அங்கே இந்த இரண்டாம் ஜாதி ஹப்தான் இருந்ததாம்.

பையன் காட்டியது ஆப்பிளின் 'ஏர்' வகை. 2020-ல் எம்-1 என்ற சில்லோடும், 2022-ல் எம்-2 சில்லோடும் வந்த ஏர் பெட்டிகள் வெளியே ஒரே ஒரு திரைக்குத்தான் படம் கொடுக்கும். 2024-ல் வந்த எம்-3 இரண்டு திரைக்குக் கொடுக்கும். ஆனால் பெட்டியின் மூடியை மூடி வைக்க வேண்டும். மூடி வைத்துவிட்டு அவள் எதைப் பார்த்து வாசிப்பாள்? 2025-ல் வந்த எம்-4 மூடி திறந்திருக்கும்போதே இரண்டுக்குக் கொடுக்கும். மூன்றாவதுக்கு அதிலும் வழியில்லை. 2021-ல் வந்த எம்-1 மாக்ஸ் சில்லு உள்ள 'புரோ' பெட்டிகள் நாலு திரை வரைக்கும் கொடுக்கும். அந்த வரிசையில் விலையைக் கேட்ட அக்கா, இரண்டு சீட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு விஷயத்தை நான் அப்போதுதான் கவனித்தேன். லாப்டாப்பின் சொந்தத் திரையும் ஒரு திரைதான்! மேடையில் மூன்று, அவளுக்கு எதிரே ஒன்று, ஆக நாலு படங்கள். அநேகமான கிராபிக்ஸ் கார்டுகளின் எல்லையும் அந்த நாலுதான்.

பையன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் விண்டோஸ் பெட்டிகளை எடுத்து வந்தான். கறுப்பு நிறம், பொத்தான்களுக்கு அடியில் தீபாவளி விளக்கு. அக்கா முகத்தைச் சுளித்தாள். ஆனால் பெண்ணுக்கு வேண்டியது இந்த ஜாதிதான். இதில் படத்துக்கென்றே தனியான கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. வேலை கொஞ்சமா? ஒரு திரைக்கு அகலத்தில் 1,920 புள்ளி, உயரத்தில் 1,080 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. மூன்று திரைக்கு 62 லட்சத்துக்கு மேல். விநாடிக்கு 60 தடவை புதிதாக வரைய வேண்டுமானால் 37 கோடிப் புள்ளிகளுக்கு மேல் ஆகிறது. ஒரு விநாடிக்குச் சொல்கிறேன்!

கார்டு இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நம் ஊர் வீடுகளில் ஒரு குழாயில் மெட்ரோ தண்ணீர் வரும், இன்னொன்றில் போர் தண்ணீர் வரும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பித்தளைக் குழாய்தான். லாப்டாப்பிலும் அப்படித்தான். மூளையோடு சேர்ந்த சின்னப் படப் பகுதி ஒன்று, தனிக் கார்டு ஒன்று என்று இரண்டு ஊற்றுகள். எச்.டி.எம்.ஐ. துவாரம் கார்டிலிருந்து வரும். பக்கத்திலிருக்கும் டைப்-சி துவாரம் சின்னப் பகுதியிலிருந்து வரலாம். அப்படியிருந்தால் கார்டு வரைந்த படத்தை அங்கே நகல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும், வேகம் போய்விடும். சில டைப்-சி துவாரங்களில் படமே வராது. சார்ஜ் செய்வதோடு சரி. இது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருக்க மாட்டார்கள். மாடலின் முழுப் பெயரைக் குறித்துக் கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். அல்லது கம்பியைச் செருகிப் பார்க்க வேண்டும். நகை வாங்கும்போது உரைத்துப் பார்க்கிறோமே, அது மாதிரி.

பெயரிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. உதாரணமாக 2023-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற லாப்டாப் கார்டை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த ஒரே பெயரில், 35 வாட் மின்சாரம் மட்டும் கொடுத்து அடக்கி வைத்ததும் உண்டு, 115 வாட் கொடுத்து அவிழ்த்து விட்டதும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு பீமசேனன்கள். ஒருவர் பயில்வான், இன்னொருவர் கஷாயத்தில் ஜீவிப்பவர்! மெல்லிய பெட்டிக்குள் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாமவர்தான். சூடு வெளியே போக இடம் வேண்டுமல்லவா? சூடு ஏறினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மார்கழிக் கச்சேரியில் முதல் அரை மணி நன்றாக ஓடி, பிறகு நொண்டியதற்கு அதுதான் காரணம். ஆகவே ஐந்து நிமிஷம் கடையில் ஓட்டிப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சேமிப்புத் தட்டை எடுத்தாள். அதில் அவளுடைய படங்கள், அவள் உபயோகிக்கும் 'ரெசொல்யூம்' என்ற மென்பொருளின் மாதிரிப் பிரதி எல்லாம் இருந்தன. "மூன்று திரை வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கணும்" என்றாள். பையன் விழித்தான். அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி, வயசானவர், தலை நிமிர்ந்து, "திரைக்கா பஞ்சம்? கீழே முப்பது டி.வி. இருக்கிறது. போய் மாட்டிக் காட்டு" என்றார். அவருக்கு நூறு வயசு!

கீழே மூன்று பெரிய டெலிவிஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்கள். யமுனை புறப்பட்டது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மிக்ஸி பார்க்க வந்த ஓர் அம்மாள், "இது எந்த சானல்?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா, "என் பெண்" என்றாள். கேள்விக்குப் பதில் அல்லதான். ஆனால் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

முதல் பெட்டி, இருந்தவற்றில் ஒல்லியானது, இருபத்திரண்டாவது நிமிஷத்தில் தடுமாற ஆரம்பித்தது. அக்கா அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக் கொண்டாள். இரண்டாவது பெட்டி தடியானது, இரண்டரைக் கிலோ, அதன் அடாப்டரே ஒரு செங்கல். விசிறிகள் கிரைண்டர் மாதிரி இரைந்தன. ஆனால் ஒரு மணி நேரமும் யமுனை ஒரே சீராக ஓடியது. காலையில் பட்டுப் புடவை போன்ற பெட்டியைக் கண்டு உருகிய அக்கா, "தடியனையே கொடுத்துவிடுங்கள்" என்றாள்.

பேரம் பேசுகிற வேலையும் அக்காவுடையதுதான். அதை விவரிக்க இந்தப் பக்கம் போதாது. ஒன்றரை லட்சத்தில் பெட்டிக்குப் போக ஒரு தொகை மிஞ்சியது. நினைவு 32 ஜி.பி., சேமிப்பு 1 டி.பி. என்று பெண் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நாம் போனில் பார்க்கும் படங்களைச் சேமிக்கும் முறை வேறு. அதில் முந்திய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெரும்பாலும் எழுதி வைப்பார்கள். பால் கணக்கில் 'நேற்றைவிட அரை லிட்டர் அதிகம்' என்று எழுதி வைத்தால் இடம் மிச்சம். ஆனால் இருபதாம் தேதிக் கணக்கு வேண்டுமென்றால் பின்னாலே போய்க் கூட்டிக் கொண்டு வர வேண்டும். ஓடுகிற படத்தைத் திடீரென்று பின்னோக்கி இழுத்தால் லாப்டாப் திணறுவது அதனால்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'ஹாப்' என்றும் 'டி.எக்ஸ்.வி.' என்றும் வேறு முறைகளில் வைத்துக் கொள்கிறார்கள். ஒவ்வொரு படமும் முழுசாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டே அதை நேராகப் பிரித்துக் கொள்ளும். இடம் மட்டும் தாராளமாக வேண்டும். ஹாப் முறையில் விநாடிக்கு 30 படம் வீதம் ஒரு திரைக்கு ஒரு நிமிஷம் என்றால் கிட்டத்தட்ட 2 ஜி.பி. வரை போகும். மூன்று திரைக்கு ஒரு மணி நேரம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

மென்பொருளுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ரெசொல்யூமில் இரண்டு வகை இருக்கின்றன. விலை குறைந்த 'அவென்யூ'வில் விளிம்புகளைக் கலக்கும் வசதி கிடையாது, 'அரினா'வில்தான் உண்டு. நாட்டியக் குழுவுக்காக மார்க் கோனிக்லியோ என்ற அமெரிக்கக் கலைஞர் உண்டாக்கிய 'இஸடோரா'வும் இருக்கிறது. இவை ஆப்பிளிலும் விண்டோஸிலும் ஓடும். ஆனால் 'வி.டி.எம்.எக்ஸ்.', 'கியூலாப்' போன்றவை ஆப்பிளில் மட்டுமே ஓடும். பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு மென்பொருளைத் தேடுகிறவர்கள், செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுகிறவர்கள்.

கச்சேரிக்குப் பத்து நாள் முன்பு ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். அங்கே ஒரு புதுத் தொல்லை. புரொஜெக்டர்காரர் ஒரு கம்பியைக் கழற்றி மறுபடி செருகினார். உடனே விண்டோஸ் மூன்று திரைகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டது. யமுனை நடுவில் புறப்பட்டு வலது பக்கம் போய், இடது பக்கத்தில் முடிந்தது! பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. புரொஜெக்டர்காரர் அனுபவஸ்தர். தம் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். லாப்டாப்பிலிருந்து அதற்கு ஒரே ஒரு கம்பிதான் போகும். அகலத்தில் 3,840, உயரத்தில் 2,160 புள்ளியுள்ள ஒரே பெரிய படம். அதை அந்தப் பெட்டி நாலாக வெட்டும். மைசூர்ப்பாகுத் தட்டை நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டுவது போல. ஒவ்வொரு துண்டும் மிகச் சரியாக 1,920-க்கு 1,080! மூன்று துண்டு மூன்று புரொஜெக்டருக்கு. நாலாவது துண்டு சும்மா.

இதில் லாபம் என்னவென்றால், வெளியே ஒரே திரை இருப்பதாகத்தான் லாப்டாப் நினைத்துக் கொண்டிருக்கும். இடம் மாற்ற அதற்கு வழியில்லை. மூன்று திரையும் ஒரே கணத்தில் மாறும், சிறகு பின்தங்காது. 'முதலிலேயே இந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்திருந்தால் அந்த லேசான லாப்டாப்பே போதுமாயிருக்குமோ?' என்று நான் மெதுவாகக் கேட்டேன். "அதில் விசிறியே கிடையாது, மாமா. ஒரு மணி நேரம் மூன்று திரைக்கும் விளிம்பு கலந்து நாலைந்து படத்தை ஒன்றின் மேல் ஒன்று ஓட்டணுமே!" என்றாள். எனக்கென்னவோ, அடுத்த தடவை இன்னும் சுமாரான விலைக்குக் கார்டு பலமுள்ள பெட்டி ஒன்றை வாங்கி, மிச்சத்தில் இந்த வெட்டும் பெட்டியையும் சொந்தமாக வாங்கலாம் என்றே தோன்றுகிறது. இப்போதைக்கு அதைப் புரொஜெக்டரோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கிறாள்.

கம்பியின் நீளத்தையும் அன்றுதான் கவனித்தார்கள். பின் வரிசையிலிருந்து புரொஜெக்டர்களுக்கு இருபத்தைந்து மீட்டருக்கு மேல் இருந்தது. சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நம்புவதற்கில்லை. இரண்டு கோடியிலும் ஒவ்வொரு சின்னக் கருவியை வைத்து, நடுவில் நெட்வொர்க் கம்பியில் அனுப்பினார்கள். இன்னொன்று, இந்த ஜாதி லாப்டாப் பாட்டரியில் ஓடும்போது பலத்தைக் குறைத்துக் கொள்ளும். அடாப்டர் எப்போதும் செருகியிருக்க வேண்டும். அதற்கு ஒரு யு.பி.எஸ்.ஸை அத்திம்பேர் வாங்கிக் கொடுத்தார். அலமாரி அடுத்த வருஷம்.

கச்சேரி தினத்தன்று சாயங்காலம், பெண் வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே லாப்டாப்பில் இண்டர்நெட்டை நிறுத்தினாள். அறிவிப்புகள், தானாகப் புதுப்பித்துக் கொள்வது, தூங்கப் போவது எல்லாவற்றையும் நிறுத்தினாள். "தயிர் வேண்டுமானால் இப்போதே சொல்லிவிடு அம்மா" என்றாள். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குக் கவலை.

அக்கா முன் வரிசைச் சீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, பின் வரிசையில் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரமும் அக்கா மேடையைப் பார்த்ததைவிட அந்தத் தடியனைப் பார்த்ததுதான் அதிகம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக் கொண்டாள்.

பதம் வந்தது. சஞ்சாரியில் ஆசிரியைக்கு மனசு லயித்துவிட்டது. நாலு தடவை எட்டுத் தடவையாகி, பத்துத் தடவையாகியது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வராதவனை எதிர்பார்த்து நின்று கொண்டே இருந்தாள் அந்த நாயகி. மூன்று திரைகளிலும் யமுனை மெதுவாகி, மெதுவாகி, ஒரே ஓர் அலையில் வந்து நின்றது. அவள் தலை நிமிர்கிற வரையில் அது அசையவில்லை. நிமிர்ந்தாள், ஓடியது.

முடிந்ததும் ஆசிரியை நேராகப் பின் வரிசைக்கு வந்தார். "டிசம்பரில் பன்னிரண்டாம் தேதி உனக்கு வேறு வேலை இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்புகையில் காரில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக் கொண்டிருந்தோம். என் தாயார் மட்டும் பேசவில்லை. அடையாறு பாலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நடுத் திரையில் மட்டும் ஏண்டி தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது?"

பெண் தலையில் கை வைத்துக் கொண்டாள். "அந்த ஒரு புரொஜெக்டரில் விளக்குப் பழசு, பாட்டி. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் கொண்டிருந்தேன்!"